கஸ்டம்ஸில் நிற்கும் கசவு

கடல் கடந்து ஆன்லைனில் விற்கும் சிறு வணிகர்களும், சுங்கத் தாமதம் கிளப்பும் பணத் தகராறுகளும்

2025 ஆகஸ்ட் 25, திங்கட்கிழமை. மறுநாள் ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம். திருவோணத்துக்கு இன்னும் 11 நாள். பலராமபுரத்துத் தறிகளிலிருந்து இறங்கிய கசவுப் புடவையும் செட்டு முண்டும் பிளாஸ்டிக் உறைக்குள் மடிந்து, அட்டைப்பெட்டிக்குள் அடங்கி, மேலே சுங்க அறிவிப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குக் கிளம்பும் பருவம். நியூஜெர்சி, டெக்சாஸ், கலிபோர்னியா என்று முகவரி எழுதிய பெட்டிகளுக்கு அன்று அஞ்சலகக் கவுண்டர் கைவிரித்தது. கடிதம், ஆவணம், 100 டாலருக்கு உட்பட்ட பரிசுப் பொருள் தவிர அமெரிக்காவுக்கான எந்த அஞ்சலையும் ஏற்பதில்லை என்ற இந்திய அஞ்சல் துறையின் அறிவிப்பு நடைமுறைக்கு வந்த நாள் அது. மாதம் முடிவதற்குள் அந்த விலக்குகளும் எடுக்கப்பட்டு, அமெரிக்க அஞ்சல் முழுதாக நின்றது. மீண்டும் தொடங்கியது அக்டோபர் 15 அன்று. அதற்குள் ஓணம் போய், நவராத்திரியும் போய், தீபாவளி வாசலுக்கு வந்திருந்தது.

பதிவு செய்தும் அனுப்ப முடியாமல் போன பார்சல்களுக்கு அஞ்சல் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகத் துறை சொன்னது. அது மட்டும் திரும்பினால் விற்றவரின் கணக்கு நேராவதில்லை. வாடிக்கையாளர் முன்பே கட்டிய விலையை அவர் திருப்பித் தந்தாக வேண்டும். நெசவாளருக்குக் கொடுத்த கூலி கொடுத்ததுதான். ஓணத்துக்கென்று வாங்கி வைத்த சரக்கு அடுத்த ஓணம் வரை அலமாரியில் கிடக்கும்.

ஒன்றரை மாதம் ஒரு நாட்டின் கதவு அடைபட்டது செய்தியானது. ஒரே ஒரு பார்சல் ஏதோ ஒரு நாட்டின் சுங்கக் கூடத்தில் 20 நாள் கிடப்பதும், வாங்கியவர் பொறுமை இழந்து பணத்தைத் திரும்பப் பெறுவதும், பிறகு பார்சலும் அவரிடமே போய்ச் சேர்வதும் செய்தியாவதில்லை. சிறு விற்பனையாளரை உள்ளுக்குள் அரித்துத் தின்பது இந்த இரண்டாவது வகைதான்.

சாலியர் தெருவிலிருந்து

பலராமபுரம், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நாகர்கோவில் சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர். அவர் காலத்தில் தளவாய் உம்மிணித் தம்பி தெற்கேயுள்ள தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவாளர்களை அழைத்து வந்து இங்கே குடியமர்த்தினார். சாலியர் தெரு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. குழித்தறியில் அமர்ந்து கையாலேயே நாடா எறிந்து நெய்யும் துணி, இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பது இதன் சிறப்பு. 2009-10ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

திருவனந்தபுரத்தைச் சுற்றி இன்னும் பல கைத்தொழில்கள் உண்டு. ஈட்டி மரத்தில் செதுக்கிய யானைகள், சிரட்டைக் கைவினைப் பொருள்கள், நிலவிளக்குகள். 1956 வரை திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சிப் பகுதியில் இருந்த நாகர்கோவிலின் வடசேரியில், பரதநாட்டியக் கலைஞர்கள் அணியும் கோயில் நகைகள். இவற்றையெல்லாம் முன்பு ஏற்றுமதி நிறுவனங்களும் ஹேன்டெக்ஸ் போன்ற கூட்டுறவு அமைப்புகளும் கொண்டுபோய்ச் சேர்த்தன. இன்று ஒரு ஸ்மார்ட்போனும், ஐ.இ. கோட் எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடும் இருந்தால் வீட்டிலிருந்தே எட்சியிலோ ஈபேயிலோ கடை திறந்துவிடலாம். குறியீட்டுக்கு அயல்நாட்டு வணிக இயக்ககம் வாங்கும் கட்டணம் 500 ரூபாய். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற ஏற்றுமதி மையங்கள் இயங்குகின்றன. 2022 டிசம்பரில் வந்த விதிமுறையின்படி, அஞ்சல் ஏற்றுமதிப் பட்டியலை விற்பவர் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். 2026 ஜனவரி 15 முதல் டிராபேக் போன்ற ஏற்றுமதிச் சலுகைகளும் இந்த வழியில் செல்லும் அஞ்சல் பார்சல்களுக்கு விரிவாக்கப்பட்டன.

இந்திய மண்ணில் வழி இவ்வளவு எளிதாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் வாங்கும் நாடுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் வாசலை இறுக்கின.

வரியில்லா வாசல் அடைபட்டது

மலிவான பார்சலுக்கு வரி வசூலிக்கும் செலவு, வரியைவிட அதிகம் என்பதால், ஒரு மதிப்புக்குக் கீழுள்ளவற்றை அப்படியே விட்டுவிடுவது உலக வழக்கம். அமெரிக்காவில் 200 டாலராக இருந்த இந்த வரம்பு 2016ல் 800 டாலராக உயர்ந்தது. பலராமபுரத்துப் புடவையில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கின. ஆனால் அந்த ஏற்பாட்டை அதிகம் பயன்படுத்தியது சீனாவின் மாபெரும் ஆன்லைன் கடைகள். 2024 நிதியாண்டில் மட்டும் சுமார் 136 கோடி பார்சல்கள் இந்த விலக்கில் அமெரிக்காவுக்குள் நுழைந்தன. 2025 மே 2ல் சீனா, ஹாங்காங் பொருள்களுக்கும், ஆகஸ்ட் 29ல் எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் விலக்கு ரத்தானது.

அஞ்சல் நின்றதற்கு வரி உயர்வைவிடப் பெரிய காரணம், அந்த வரியை யார், எப்படி வசூலித்து அமெரிக்கச் சுங்கத்திடம் செலுத்துவது என்பதற்கு ஏற்பாடு இல்லாததே. விமான நிறுவனங்கள் அஞ்சல் மூட்டைகளை ஏற்கத் தயங்கின. உலக அஞ்சல் ஒன்றியத்தின் கணக்குப்படி 88 அஞ்சல் அமைப்புகள் அமெரிக்கச் சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின. ஆகஸ்ட் 22ஐ ஒப்பிட, 29ஆம் தேதி அமெரிக்காவுக்குள் வந்த அஞ்சல் 81 சதவீதம் குறைந்திருந்தது.

அக்டோபரில் சேவை திரும்பியபோது முறை மாறியிருந்தது. அறிவித்த மதிப்பில் 50 சதவீத வரியை அனுப்புபவர் இந்தியாவிலேயே, அஞ்சலில் சேர்க்கும்போதே கட்டவேண்டியிருந்தது. அதற்கெனத் தனிச் சேவைக் கட்டணம் இல்லை. கூரியரில் சென்றால் பொருளுக்கு ஏற்ற வழக்கமான இறக்குமதி வரியும் மேலே சேரும். அஞ்சலில் அந்தக் கூடுதல் இல்லை என்பது மட்டுமே ஆறுதல். ஆகஸ்ட்டில் 100 டாலர் விலையில் வரியில்லாமல் போன புடவை, அக்டோபரில் 150 டாலர் ஆனது. வரி விகிதம் அதன்பிறகும் ஒரே நிலையில் நிற்கவில்லை. அனுப்பும் அன்றைய விகிதத்தை அன்றன்று கேட்டுத்தான் விலை சொல்லவேண்டும்.

முன்கூட்டி வரி கட்டும் முறை சிறு விற்பனையாளருக்குக் கசப்பாகத் தோன்றினாலும், தகராறு என்ற கோணத்தில் அது நல்லதே. வாங்கியவர் கதவைத் திறந்ததும் எதிர்பாராத வரிச் சீட்டு நீட்டப்படுவதில்லை. வரி கட்டாததால் பார்சல் கூடத்தில் முடங்குவதும் குறைகிறது. மொத்த விலையை முன்பே பார்த்து வாங்கியவர் பின்னால் சண்டைக்கு வருவது அபூர்வம்.

பெட்டிச் செய்தி: எந்த வாசலில் என்ன வரம்பு

ஐரோப்பிய ஒன்றியம்: 22 யூரோ வரையிலான பார்சலுக்கு இருந்த வாட் விலக்கு 2021 ஜூலை 1ல் நீங்கியது. 150 யூரோ வரையிலானவற்றுக்கு விற்கும்போதே வாட் வசூலிக்கும் ‘ஐ.ஓ.எஸ்.எஸ்.’ முறை அன்று வந்தது. அதே 150 யூரோவுக்குள் இருந்த சுங்க விலக்குக்குப் பதிலாக, 2026 ஜூலை 1 முதல் பொருளுக்கு 3 யூரோ நிலையான வரி என 2025 டிசம்பரில் முடிவானது.

பிரிட்டன்: 2021 ஜனவரி 1 முதல் 135 பவுண்டு வரையிலான சரக்குக்கு விற்பனையின்போதே வாட், தளம் வழியே விற்றால் வசூலிக்கும் பொறுப்பு தளத்துடையது.

ஆஸ்திரேலியா: 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான இறக்குமதிக்கும் 2018 ஜூலை 1 முதல் 10 சதவீத ஜி.எஸ்.டி. ஆண்டுக்கு 75,000 டாலருக்குக் குறைவாக அங்கே விற்பவருக்குப் பதிவுக் கட்டாயம் இல்லை.

கனடா: இந்தியாவிலிருந்து வரும் பார்சலுக்கு 20 கனடா டாலர்தான் வரம்பு. கசவுப் புடவை அதற்குள் அடங்குவது அரிது.

ஐக்கிய அரபு அமீரகம்: 1,000 திர்ஹமாக இருந்த வரம்பு 2023ல் 300 ஆனது. கேரளத்தின் பாதி உறவுகள் வசிக்கும் வளைகுடாவுக்கு அனுப்புபவர்கள் இதை மறந்துவிடுவதுண்டு.

பார்சல் எங்கே நிற்கிறது?

அஞ்சல் பார்சலின் டிராக்கிங் எண்ணில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ.என்.’ இந்த ஒரே எண்தான் உலகம் முழுவதும் செல்லுபடியாகும். திருவனந்தபுரத்தில் பதிவானது, கொச்சியில் உள்ள அயல்நாட்டு அஞ்சல் அலுவலகத்துக்குப் போய் இந்தியச் சுங்கத்தின் பார்வைக்கு வரும். அங்கிருந்து விமானம். போய்ச்சேரும் நாட்டின் பரிமாற்ற அலுவலகம், அந்நாட்டுச் சுங்கம், உள்ளூர் அஞ்சல், வீடு. சுங்கத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டது, சுங்கம் பிடித்து வைத்தது, சுங்கத்திலிருந்து விடுவிக்கப்பட்டது ஆகிய மூன்றும் டிராக்கிங்கில் தனித்தனிப் பதிவுகள். பலரும் மூன்றையும் ஒன்றாக நினைத்து, வெறுமனே வரிசையில் காத்திருக்கும் பார்சலைப் ‘பறிமுதல்’ என்று வாங்கியவரிடம் சொல்லிப் பீதியைக் கிளப்பிவிடுகிறார்கள்.

நிற்பதற்கான காரணங்களில் பாதி, அனுப்பும்போதே விதைக்கப்பட்டவை. அமெரிக்காவில் 2018ல் வந்த ‘ஸ்டாப்’ சட்டத்தின்படி, அஞ்சல் பார்சலின் உள்ளடக்க விவரம் மின்னணு வடிவில் முன்னதாகவே போய்ச் சேரவேண்டும். அபின் வகைப் போதைப்பொருள் அஞ்சலில் வருவதைத் தடுக்க எழுந்த சட்டம், புடவைக்கும் பொருந்துகிறது. ஐரோப்பாவும் 2021 மார்ச் முதல் ‘ஐ.சி.எஸ்.2’ என்ற ஏற்பாட்டில் இதே தகவலைக் கேட்கிறது. சீட்டில் ‘கைவினைப் பொருள்’, ‘துணி’, ‘சாம்பிள்’ என்று மொட்டையாக எழுதினால் கணினியே அதைத் தனியே ஒதுக்கும். ‘பருத்திக் கைத்தறிப் புடவை, தைக்காதது, உலோக இழை ஓரம், 1, இந்தியத் தயாரிப்பு’ என்று எழுதி, கூடவே சரக்கை வகைப்படுத்தும் ஆறு இலக்க எச்.எஸ். குறியீடும் கொடுத்தால் அதிகாரிக்குக் கேள்வி எழாது. அந்த வகைப்பாட்டில் தைக்காத பருத்தித் துணி 52ஆம் அத்தியாயத்திலும் தைத்த ஆடை பெரும்பாலும் 62ஆம் அத்தியாயத்திலும் வரும். பிளவுஸ் தைத்துச் சேர்த்து அனுப்பும்போது ஒரே பெட்டியில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. இதைப் பிரித்து எழுதாததால் நிற்கும் பார்சலுக்குச் சுங்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெட்டிச் செய்தி: தாமதம் இல்லை, தடை

ஈட்டி மரம்: தால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான ‘சைட்டஸ்’ ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் உள்ளது. 2022 மாநாட்டில், சரக்கிலுள்ள ஒவ்வொரு பொருளிலும் மரம் 10 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அனுமதிச் சீட்டு வேண்டாம் என்று இந்தியா தளர்வு பெற்றது. அந்த எடை விவரம் சீட்டில் இல்லாவிட்டால் யானை நிற்கும்.

பழைய தோற்ற விளக்கு: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள் நாட்டைவிட்டுப் போகக்கூடாது. புதிய விளக்கைப் பழமை நிறம் ஏற்றி விற்பவர், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் பெறுவது பாதுகாப்பு.

மயிலிறகு: அதில் செய்த கைவினைப் பொருள் உட்பட ஏற்றுமதிக்குத் தடை.

நேந்திரங்காய் வறுவல்: அமெரிக்காவுக்கு விற்பனைக்குச் செல்லும் உணவுக்கு உணவு மருந்து நிர்வாகத்திடம் முன்னறிவிப்பு தேவை.

சிரட்டை, மரம், விதைமாலை: ஆஸ்திரேலியாவின் உயிர்ப் பாதுகாப்புச் சோதனை கடுமையானது. நாரும் பிசிறும் ஒட்டியிருந்தால் வாங்கியவர் கையில் பொருள் கிடைப்பது சந்தேகம்.

தாமதித்தவர் வழக்கில் இல்லை

சுங்கத் தாமதத் தகராறின் விசித்திரம் இதுதான்: வழக்கில் இரண்டே தரப்பு, வாங்கியவரும் விற்றவரும். தாமதம் செய்தவர் மூன்றாமவர். அவர் அரசு அதிகாரி. அவரை எந்தத் தளமும் கூப்பிட்டுக் கேட்காது. உலக அஞ்சல் ஒன்றிய உடன்படிக்கையும், சுங்கம் எடுக்கும் முடிவுகளுக்கு அஞ்சல் அமைப்புகள் பொறுப்பல்ல என்றே சொல்கிறது. சரக்குக் காப்பீட்டின் வழக்கமான விதிகளில் தாமதத்தால் வரும் இழப்பு சேர்வதில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தால் சுமை வந்து இறங்கும் இடம் விற்றவரின் தலைதான்.

கெடுக்கள் இன்னொரு சிக்கல். ஈபேயில் மதிப்பிட்ட விநியோகத் தேதி கடந்து 30 நாள் வரை ‘பொருள் வரவில்லை’ என்று முறையிடலாம். விற்றவர் பதில் சொல்ல மூன்று வேலை நாள்தான். எட்சியில் மதிப்பிட்ட தேதியிலிருந்து 100 நாள், அமேசானில் 90 நாள். பேபால் மூலம் பணம் கட்டியவருக்கு 180 நாள் அவகாசம். கிரெடிட் கார்டு வங்கி வழியே சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க, எதிர்பார்த்த விநியோகத் தேதியிலிருந்து பொதுவாக 120 நாள். ஒரே பார்சலுக்கு ஒரு வாசலில் தோற்ற வாங்குபவர் அடுத்த வாசலைத் தட்டலாம். தளத்தில் வென்றுவிட்டதாக நிம்மதியடைந்த விற்பனையாளருக்கு மூன்று மாதம் கழித்து வங்கியிலிருந்து கடிதம் வருவது இப்படித்தான்.

எதிர்ப்பக்கம் சுங்கத்துக்குக் கெடு எதுவும் இல்லை. டிசம்பர் மாதக் கிறிஸ்துமஸ் நெரிசலில் பார்சல் வாரக்கணக்கில் கிடக்கலாம். அஞ்சல் வழியே முறையான விசாரணை கோர ஆறு மாதம் வரை அவகாசம் இருந்தாலும், இரு நாட்டு அஞ்சல் துறைகளும் கடிதம் எழுதிப் பதில் பெறுவதற்குள் தளத்தின் கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

வாங்கியவரையும் இதில் குற்றம் சொல்ல முடியாது. பணம் கட்டியவர், பொருள் வராததால் கேட்கிறார். அவர் நாட்டுச் சட்டமும் அவர் பக்கம். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் வாங்கியவர் கைக்கு வரும்வரை இழப்பின் பொறுப்பு விற்றவருடையது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் தரவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியவர், பொருள் கிடைத்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். பலராமபுரத்தில் பலரும் அறியாத இந்தச் சட்டங்கள், விற்றவர் ‘அந்த நாட்டுக்கும் அனுப்புவோம்’ என்று கடையில் ஒரு டிக் போட்ட நொடியிலேயே அவரைச் சூழ்ந்துவிடுகின்றன.

திருத்தம் செய்யவேண்டிய இடம் தளங்களின் விதிதான். டிராக்கிங்கில் ‘சுங்கம் பிடித்து வைத்தது’ என்ற பதிவு விழுந்த நாளிலிருந்து விடுவித்த நாள் வரை, புகாரின் கெடுவை நிறுத்திவைப்பது ஒரு மென்பொருள் மாற்றம். தகவல் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அஞ்சல் துறையும் தன் பங்குக்கு, ‘இந்த எண்ணுள்ள பார்சல் இன்ன தேதி முதல் இன்ன நாட்டுச் சுங்கத்தில் உள்ளது’ என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சான்று, நிர்யாத் கேந்திராவிலேயே அச்சடித்துக் கொடுக்கலாம். ஆயிரம் மையம் திறந்த துறைக்கு இது பெரிய வேலையல்ல. ஏற்றுமதி செய்யச் சொல்லிக் கைபிடித்து வாசல் வரை அழைத்து வந்துவிட்டு, வாசலுக்கு வெளியே தகராறு வந்தால் தனியே விடுவது நியாயமாகாது.

தேதி தவறிய பொருள்

சில பொருள்கள் தாமதமானால் விலை குறையும். சில பொருள்கள் தாமதமானால் விலையே இல்லாமல் போகும். ஓணப்புடவை, விஷுவுக்கான உருளி, கல்யாணத்துக்கான முண்டு இவையெல்லாம் இரண்டாம் வகை. அவற்றுள்ளும் கடினமானது வடசேரி நகை. டொராண்டோவிலோ சிட்னியிலோ ஒரு பெண்ணின் அரங்கேற்றத்துக்கு மண்டபம் ஓராண்டுக்கு முன்பே பேசப்படுகிறது. நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாம் ஒரே செட்டாக வேண்டும். மறுநாள் வந்து சேர்ந்த செட்டுக்கு அந்தக் குடும்பம் பணம் கொடுக்க மறுப்பதில் கோபம் இருக்கும், நியாயமும் இருக்கும்.

இத்தகைய வாங்குபவர்கள் தேதியைப் பெரும்பாலும் உரையாடலில் சொல்லிவிடுகிறார்கள். ‘ஜூன் 14 அரங்கேற்றம்’ என்ற ஒரு வரிச் செய்திக்கு விற்றவர் ‘கண்டிப்பாக வந்துவிடும்’ என்று பதில் எழுதினால், அது வாக்குறுதி. தகராறில் முதலில் எடுத்து நீட்டப்படும் சான்றும் அதுதான். ‘இத்தனை நாளில் இங்கிருந்து அனுப்புவோம், அங்கே சுங்கம் எடுக்கும் காலம் எங்கள் கையில் இல்லை, அந்தத் தேதிக்கு வேண்டுமானால் இந்த நாளுக்குள் ஆர்டர் உறுதியாக வேண்டும்’ என்று எழுதும் விற்பனையாளர் சில ஆர்டர்களை இழப்பார். இழக்கட்டும். எப்படியும் பணத்தைத் திருப்பித் தரவேண்டிவரும் ஆர்டர்கள் அவை.

நெருக்கடியான தேதிக்குக் கூரியரே பொருத்தம். செலவு அதிகம், ஆனால் சுங்கத் தாக்கலை நிறுவனமே செய்கிறது. கேள்வி வந்தால் அன்றே பதில் போகிறது. ஒரு பார்சலுக்கு 5 லட்சம் ரூபாயாக இருந்த கூரியர் ஏற்றுமதி வரம்பு 2023ல் 10 லட்சமாக உயர்ந்தபோது, விலை உயர்ந்த பொருள்களை இந்த வழியில் அனுப்புவதும் எளிதானது.

‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்பவர்

வரி உயர்ந்ததும் வாங்குபவர்களிடமிருந்து வரும் வேண்டுகோள் ஒன்று பெருகியிருக்கிறது: சீட்டில் ‘கிஃப்ட்’ என்று எழுதுங்கள், அல்லது விலையைக் குறைத்துப் போடுங்கள். உறவுக்காரர் கேட்பதுபோல் கேட்பார்கள். விற்பவரும் நல்ல பெயர் போய்விடக்கூடாதே என்று எழுதிக்கொடுப்பார்.

விளைவு மூன்று இடத்தில் வெடிக்கும். அங்குள்ள அதிகாரி இணையத்தில் அந்தக் கடையின் விலையைப் பார்த்துவிட்டு விலைச்சான்று கேட்பார், பார்சல் நிற்கும். தொலைந்துபோனால் இழப்பீடு அறிவித்த மதிப்பை ஒட்டியே கணக்காகும். 200 டாலர் பொருளை 20 டாலர் என்று எழுதியவர், 20 டாலர் பொருளைத்தான் தொலைத்திருக்கிறார். மூன்றாவது இந்தியாவில். ஏற்றுமதிப் பட்டியலில் ஒரு தொகையும் வங்கிக்கு வந்த தொகை வேறாகவும் இருந்தால், விளக்கம் சொல்லவேண்டியவர் ஐ.இ. கோட் வைத்திருப்பவரே. பொய் அறிவிப்பு 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி குற்றமும்கூட. வேண்டுகோள் வைத்த வாடிக்கையாளர் இந்த மூன்றிலும் எங்கும் இருக்கமாட்டார்.

புகார் வந்த அன்று

‘பொருள் வரவில்லை’ என்ற முறையீடு வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை பதில் எழுதுவது. பதில் எழுதாததாலேயே தோற்கும் வழக்குகள் ஏராளம். கெடு மூன்று நாள் என்னும்போது, ஓண விடுமுறையில் செல்போனை அணைத்து வைத்தவர் திரும்பி வரும்போது பணம் போயிருக்கும்.

பதிலில் உணர்ச்சி வேண்டாம், காகிதம் வேண்டும். அனுப்பிய ரசீது, வாங்கியவர் தந்த அதே முகவரி, சுங்கப் பதிவு தெரியும் டிராக்கிங் பக்கத்தின் தேதியிட்ட படம், ஆர்டருக்கு முன் சுங்கத்தைப் பற்றிச் சொன்ன செய்தி ஆகியவற்றை ஒரே பதிலில் சேர்க்கவேண்டும். வாங்கியவர் தன் ஊர் அஞ்சலகத்தையோ சுங்கத்தையோ தொடர்புகொள்ளவேண்டிய முறையையும் அதில் எழுதலாம். சுங்கம் பெரும்பாலும் முகவரிதாரரிடம்தான் பேசும். பல சமயம் அவருக்கு வந்த அறிவிப்புச் சீட்டை விளம்பரக் காகிதம் என்று குப்பையில் போட்டிருப்பார்.

வாங்கியவர் வரி கட்ட மறுத்ததால் பார்சல் திரும்புகிறது என்றால் நிலைமை வேறு. அது ‘வரவில்லை’ வகைக்குள் அடங்காது என்று வாதாட இடமுண்டு. அதற்கு, ‘சுங்க வரி வாங்குபவரின் பொறுப்பு’ என்ற வாசகம் கடைப் பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். பேபால் விற்பனையாளர் பாதுகாப்பு கேட்பது, அனுப்பியதற்கோ சேர்ந்ததற்கோ செல்லுபடியாகும் சான்று. 750 டாலருக்கு மேல் என்றால் கையெழுத்துப் பெற்றதற்கான சான்றும் சேரவேண்டும். அங்கே தொடங்கிய தகராறை 20 நாளுக்குள் வாங்கியவர் முறையீடாக உயர்த்தாவிட்டால் அது தானே மூடும். அதற்குள் பேசித் தீர்ப்பதே இருவருக்கும் நல்லது. காத்திருக்கச் சம்மதித்தால் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்று ஒரு பகுதியைத் திருப்பித் தருவது, முழுவதையும் இழப்பதைவிட மேல். ஆனால் ‘முறையீட்டை மூடுங்கள், பார்சல் வராவிட்டால் பிறகு தருகிறேன்’ என்று கேட்பது தவறு. மூடிய முறையீட்டைப் பல தளங்கள் மறுபடி திறக்க விடுவதில்லை. வாங்கியவர் அதை ஏமாற்றாகவே எடுத்துக்கொள்வார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு பார்சல் போய்ச் சேர்ந்தால்? டிராக்கிங் அதைக் காட்டும். மரியாதையாகக் கேட்டால் மீண்டும் பணம் அனுப்புபவர்கள் உண்டு. குறிப்பாகக் கோயில், ஓணம், அரங்கேற்றம் என்று வாங்கும் புலம்பெயர்ந்த குடும்பங்களில் இது அரிதல்ல. சட்டப்படி வசூலிப்பது, கண்டம் தாண்டி 100 டாலருக்கு வழக்குப் போடுவது என்றெல்லாம் யோசிப்பதில் அர்த்தமில்லை.

திரும்பி வரும் பார்சலும் வங்கிக் கணக்கும்

விநியோகமாகாத பார்சல் இரண்டு மூன்று மாதம் கழித்து இந்தியா திரும்பும்போது, இந்தியச் சுங்கத்தின் கண்ணில் அது ஓர் இறக்குமதி. தானே அனுப்பிய பொருள்தான் என்று நிரூபித்தால், 45/2017 எண்ணுள்ள சுங்க அறிவிப்பின்படி மூன்றாண்டுக்குள் திரும்பும் சரக்குக்கு வரிவிலக்கு உண்டு. பெற்ற ஏற்றுமதிச் சலுகையைத் திருப்பிக் கட்டவேண்டும். நிரூபிக்கத் தேவை அஞ்சல் ஏற்றுமதிப் பட்டியலின் நகல், ரசீது, பொருளின் படம். பரிசுப் பார்சல் என்று சாதாரண முறையில் அனுப்பியவரிடம் இவை எதுவும் இருக்காது. தன் பொருளுக்கே வரி கட்டி மீட்கும் நிலை அவருக்குத்தான் வரும்.

வங்கியிலும் ஒரு கணக்கு திறந்தே கிடக்கும். ஒவ்வொரு ஏற்றுமதிப் பட்டியலுக்கும் ஈடான பணம் வந்ததா என்று ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு ஏற்பாடு பார்க்கிறது. ஒன்பது மாதமாக இருந்த கெடு 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டப்பட்டது. வாங்கியவருக்குப் பணம் திருப்பப்பட்டிருந்தால் அந்தப் பதிவு தானாக மூடாது. 2025 அக்டோபர் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான பட்டியல்களை ஏற்றுமதியாளர் தரும் உறுதிமொழியின் பேரிலேயே வங்கி முடித்துவைக்கலாம். விலை குறைந்ததையும் அதே வழியில் பதிவு செய்யலாம். உறுதிமொழியோடு தளத்தின் ரீஃபண்ட் குறிப்பையும், பார்சல் திரும்பி வந்திருந்தால் அதன் டிராக்கிங் பதிவையும் இணைத்துக் கொடுத்தால், அந்த விற்பனையின் கணக்கு வங்கியில் முடிகிறது.